தப்பிப் பிழைத்த புழு

"மருந்து கொடுத்தோம், ஆடு மடிந்தது!" என்று கலங்கி நிற்கும் ஆட்டுக்காரரிடம், "கண்ணேறு பட்டிருக்கும், பொங்கலிடு" என்கிறான் ஒருவன். "கொடுத்தது போதாது, இன்னொரு புட்டி வாங்கு" என்கிறான் கடைக்காரன். முன்னவன் மூடன் என்பது தோழர்களுக்குத் தெரியும். பின்னவன் அவனுக்கு அண்ணன் என்று சொல்லவே இன்று எழுதுகோல் எடுத்தோம்.

மறைமலைநகரில் இரும்போடு மல்லுக்கட்டும் தோழனின் தந்தை, ஏரிக்கரையில் இன்னும் மெட்ராஸ் சிவப்புச் செம்மறிகளை ஓட்டிச் செல்கிறார். 2022-ல் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றதைக் கண்ட ஊர் இது. சம்பளம் நின்ற வீட்டில் உலை வைப்பது ஆடு! அந்த ஆட்டின் வயிற்றில் அமர்ந்து குருதி குடிக்கிறது ஹீமாங்கஸ் என்னும் புழு. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது 0.05 மில்லி லிட்டர். அற்பம் என்பீர்! ஆயிரம் புழு சேர்ந்தால் அன்றாடம் 50 மில்லி லிட்டர்! தாடை வீங்குகிறது, இமையின் உட்புறம் வெளுக்கிறது, ஆடு சாய்கிறது.

அதைக் கொல்ல 1961-ல் தையபெண்டசோல் வந்தது. வெற்றி முரசு கொட்டினர். 1964-லேயே அமெரிக்காவில் அதற்கு மசியாத புழுவைக் கண்டனர்! இந்தியாவில் 1976-ல் அறிவித்தனர். இன்று அதன் தம்பிகளான அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் பல பண்ணைகளில் தோற்று நிற்கின்றன.

ஏன்? மருந்தைத் தாங்கும் தன்மையைப் பிறவியிலேயே பெற்ற ஒன்றிரண்டு புழுக்கள் தப்புகின்றன. ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். அவை புழுக்கையோடு புல்லில் விழும். தேர்தலும் இல்லை, பிரசாரமும் இல்லை. பிள்ளை பெற்றே பெரும்பான்மை ஆகிவிடுகிறது அந்தக் கூட்டம்! கண்ணளவில் எடை போட்டுக் குறைத்து ஊற்றுவதும், ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் ஊற்றுவதும் அதற்கு நாம் கட்டும் தோரணம்.

குற்றவாளி ஆட்டுக்காரரா? தராசு தந்தோமா அவருக்கு? புழுக்கையைச் சோதித்துச் சொன்னோமா? மருந்துக்கு முன்பும், இரு வாரம் கழித்தும் முட்டையை எண்ண வேண்டும். 95 விழுக்காடு குறையாவிட்டால் அந்த மந்தையில் அந்த மருந்துக்கு வேலையில்லை. தென்னாப்பிரிக்காவில் இமையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டுமே மருந்து கொடுக்கும் முறை கண்டார்கள். மருந்து படாத ஆட்டின் புழுக்கள் முரட்டுப் புழுவோடு கலந்து அதன் ஆதிக்கத்தைத் தடுக்கின்றன.

பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அது ஏரிக்கரைக்கு வரவேண்டும். முகாம் நடத்தினோம், மருந்து ஊற்றினோம் என்று ஏட்டில் எழுதினால் போதுமா? கால்நடை மருந்தகந்தோறும் ஒரு நுண்ணோக்கி, ஒரு தராசு, முட்டை எண்ண ஓர் ஆள் கேட்கிறோம். மழையில் புல் தழைத்தால் புழுவும் தழைக்கும். ஐப்பசிக்கு முன்பே வேண்டும்!