டிசி வாங்கும் முன் ஒரு நிமிடம்!

“ஏம்மா, நீ பத்திரிகையிலதானே இருக்க... பாப்பா இந்த வருஷம் கபடி ஆட முடியாதாமே?”

ஐயம்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். நல்ல பயிற்சி கிடைக்குமென்று மகளை நடுவில் காஞ்சிபுரம் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார். பழைய பள்ளிக்காகக் குறுவட்டப் போட்டியில் ஏற்கெனவே ஆடிவிட்டாளாம். அதனால் புதுப் பள்ளி அணியில் இடமில்லை.

நன்றாக ஆடும் பிள்ளைகளைப் பள்ளிகள் இழுத்துக்கொள்ளாமலிருக்க விதி வேண்டியதுதான். ஆனால் அடி விழுவது ஆடுபவர்மேல்! 2018 செப்டம்பரில், விஜய் ஹசாரே கோப்பையில் புதுச்சேரி அணியின் எட்டு வீரர்களுக்கு அனுமதி கொடுத்த கிரிக்கெட் வாரியமே, உள்ளூர்த் தகுதி விதிக்குள் வரவில்லையென்று போட்டித் தொடரின் நடுவிலேயே பதிவை ரத்து செய்தது. கொடுத்ததும் வாரியம், பறித்ததும் வாரியம். வெளியே உட்கார்ந்தது வீரர்கள்.

அவர்களாவது பெரியவர்கள். பாப்பாவுக்கு 14 வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருடம். அடுத்த முறை 17 வயதுப் பிரிவு, எதிரே பெரிய பெண்கள்.

டிசி கேட்கும் முன் இரண்டு பள்ளி பி.டி. ஆசிரியர்களிடமும் பேசுங்கள். இந்த வருடம் ஆட முடியுமா, எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்று கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள்.

அக்கா திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறார். நானும் கூடப் போகிறேன்.