ஒரு திருகாணிக்காக மடிக்கணினியைத் தூக்கிப் போடுவதா?

மடிக்கணினியின் அடிப்பலகையில் ஒரு திருகாணியின் தலை மழுங்கிவிட்டால் போதும், "இதைத் திறக்க முடியாது சார், புதுசா வாங்கிடுங்க" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. மின்துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டு, நட்டுகளோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போயிற்று. போலகத்திலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். என் பேத்தியின் மடிக்கணினிக்கு வயது நான்கு. நன்றாகத்தான் ஓடுகிறது, பேட்டரி மட்டும் இருபது நிமிஷம்கூட நிற்பதில்லை. பேட்டரி மாற்றக் கொண்டுபோன இடத்தில் (பெயர் வேண்டாம், பெரிய ஊரில் உள்ள குளிரூட்டிய சர்வீஸ் சென்டர்) பத்துத் திருகாணியில் ஒன்பதைக் கழற்றிவிட்டார்கள். மூலையில் இருந்த ஒன்று வரவில்லை. "ஸ்லிப் ஆயிடுச்சு சார். அடிப்பலகை, கீபோர்டு எல்லாம் சேர்த்து செட்டா மாத்தணும்" என்று பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு தாளை நீட்டினார்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு திருகாணிக்குப் பதினெட்டாயிரம்! பென்ஷன்காரன் என்ன செய்வான்?

அது ஏன் மழுங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். நாம் 'ஸ்டார்' என்று சொல்லும் கூட்டல் குறித் தலை, அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை பெற்று, கார்த் தொழிற்சாலைகளில் புழக்கத்துக்கு வந்தது. திருப்புளி தானாகவே நடுவில் உட்காரும், வேலை வேகமாக நடக்கும். ஆனால் அதன் பள்ளம் கீழே போகப் போகச் சரிந்து குறுகுகிறது. அதனால் அழுத்தம் குறைந்தால் திருப்புளி மேலே ஏறி வழுக்கும், வழுக்கும்போதெல்லாம் பள்ளத்தின் விளிம்பைக் கொஞ்சம் தின்றுவிடும். அதற்கு மேல் கம்பெனிக்காரன் அதிர்வில் கழலாமல் இருக்க மரையில் நீலப் பசை தடவி முடுக்கியிருப்பான். நம் ஊர் ஈரம் வேறு. இதையெல்லாம் அளவு பொருந்தாத ஒரே திருப்புளியை வைத்து நெம்பினால் எந்தத் தலைதான் தாங்கும்? பூஜ்ஜியம் நம்பருக்கும் இரட்டைப் பூஜ்ஜியத்துக்கும் வித்தியாசம் பார்க்காத கை குளிரூட்டிய அறையில் இருந்தாலும் கெடுக்கத்தான் செய்யும்.

சரி, மழுங்கிய பிறகு? காரைக்காலில் ஒரு சின்னக் கடையில் இருபத்தைந்து வயசுப் பையன் அதை எடுத்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் தேயாத புதுத் திருப்புளி. தலைமேல் அகலமான ரப்பர் பேண்டுத் துண்டை வைத்து, செங்குத்தாக, திருப்புவதைவிட அழுத்துவதற்கே அதிக பலம் கொடுத்துப் பார்த்தான். பாதி கேஸ்கள் இதிலேயே வந்துவிடுமாம். எங்களுடையது வரவில்லை. சால்டரிங் அயர்ன் முனையைச் சில விநாடி தலையில் மட்டும் தொட வைத்தான். பசை இளகும் என்பது கணக்கு. அப்போதும் அசையவில்லை. பிறகு சுற்றிலும் டேப் ஒட்டி, சின்ன துளைக்கருவியால் தலையை மட்டும் மெதுவாகத் துளைத்து எடுத்தான். தலை போனதும் பலகை கழன்று வந்தது. மிச்சம் நின்ற குச்சியை மூக்குக் குறடால் பிடித்துத் திருப்பினான், வந்துவிட்டது. இரும்புத்தூள் போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும் என்று டேப்பைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு துகள் விடாமல் உறிஞ்சி எடுத்தான். மொத்தம் முப்பது நிமிஷம். பேட்டரி விலை போகக் கூலி இருநூற்றைம்பது ரூபாய்.

(பேட்டரி உப்பியிருந்தால் சூடும் வேண்டாம், துளையும் வேண்டாம். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.)

அந்தப் பையனுக்குத் தெரிந்தது சர்வீஸ் சென்டருக்குத் தெரியாதா? தெரியும். செட்டாக மாற்றினால்தான் அவர்களுக்கு லாபம். கம்பெனிகளும் இதற்குத் தோதாகவே பொருளைச் செய்கின்றன. 2009-ல் ஆப்பிள் தன் மேக்புக் புரோ பேட்டரிக்கு ஐந்து இதழ் பூப்போன்ற ஒரு திருகாணியைக் கொண்டுவந்தது. அதற்குரிய திருப்புளி அப்போது சந்தையில் இல்லை. பிறகு அதே தலை ஐபோனின் அடியிலும் ஏறியது.

பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். வீட்டில் பிரஷர் குக்கர் இல்லையா? அதைவிடவா ஆபத்து? அதன் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் பாத்திரக்கடையில் கிடைக்கின்றன, நம் வீட்டுப் பெண்கள் தாங்களே மாற்றுகிறார்கள். ஆபத்தான பொருள் என்றால் எப்படித் திறப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே தவிர, பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளக் கூடாது.

நம் பக்கத்தில் பிரான்சில் உறவு இல்லாத தெரு குறைவு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2021 ஜனவரி முதல் மடிக்கணினி போன்றவற்றின் விலையோடு, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண்ணும் போட வேண்டும். எந்தக் கருவியால் திறக்கலாம், எந்த வகைத் திருகாணி என்பதற்கும் அதில் மார்க் உண்டு. 1954 வரை நம்மை ஆண்டவர்களிடமிருந்து எதையெதையோ இன்னும் வைத்திருக்கிறோம், இதை வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

தில்லியிலும் பேச்சு இல்லாமல் இல்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவிகளையும் சேர்த்திருப்பது நம் டெல்டாவுக்கு நல்லதுதான். ஆனால் இணையதளத்தில் தொலைபேசி எண் போடுவதால் பதினெட்டாயிரம் ரூபாய்த் தாள் குறையாது. மதிப்பெண்ணைப் பெட்டிமேல் கட்டாயமாக அச்சிடச் சொல்லட்டும்.

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் தவிர, வாங்கியவரே சாதாரணக் கருவியால் கழற்ற முடிய வேண்டும். தனிக் கருவி தேவையென்றால் அதைப் பொருளோடு இலவசமாகத் தர வேண்டும். அதே கம்பெனி அதே மாடலை இங்கே விற்கும்போது அந்தத் திருப்புளியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுமா? இப்போதே கேட்டு வைப்போம். பேரப்பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் அதைத் திருப்பிப் போட்டு அடியில் உள்ள திருகாணிகளைப் பாருங்கள். பேட்டரியை எதனால் கழற்றலாம், தனியாக விலை என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் நான் வாங்குவதாக இல்லை.