அவசரப்படுத்துகிறவன் யார்?

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எல்லாம் ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகின்றது. "யோசித்துக்கொண்டிருந்தவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், சட்டென்று துணிந்தவன் மேலே போய்விட்டான்" என்பதே அந்தப் பேச்சு. வாலிபர்களுக்குப் புத்தி சொல்ல வருகின்றவர்களும் இதையே பெரிய உபதேசமாகச் சொல்லுகின்றார்கள். காரியம் ஜெயிப்பதற்கு நன்றாக யோசிப்பதைவிடச் சீக்கிரம் முடிவு செய்வதே முக்கியம் என்பது அவர்கள் அபிப்பிராயம். இதை நாம் அப்படியே ஒப்புக்கொள்ளலாமா என்று பார்ப்போம்.

பழமொழியைக் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்று ஒன்று இருக்கின்றது. "பதறாத காரியம் சிதறாது" என்று மற்றொன்று இருக்கின்றது. காரியம் எப்படி முடிந்தாலும் அதற்குப் பொருந்துகிற பழமொழியைப் பின்னால் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆதலால் பழமொழியை விட்டுவிட்டு, நம் கண்ணெதிரே நடப்பதையே எடுத்துக்கொள்வோம்.

நம் ஊர் ஏலத்தை ஏலம் விடுகிற ஊர். மலையில் விளைகிற ஏலக்காய் இங்கேயும், மலைக்கு அப்புறம் புற்றடியிலும், வாசனைப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களில் விலையாகின்றது. முன்னே வாயால் கூவி எடுத்த ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கின்றது. வியாபாரி பொத்தானை அழுத்துகிறார். கண் மூடித் திறக்கும் நேரத்தில் ஒரு விவசாயியின் பல மாத உழைப்பு கைமாறி விடுகின்றது. இதைப் பார்க்கிறவர், "ஆகா, என்ன துணிவு! எவ்வளவு சீக்கிரமான முடிவு!" என்று ஆச்சரியப்படுவார்.

ஆனால் அந்த வியாபாரி பொத்தானில் கை வைப்பதற்கு முன் என்ன செய்தார்? மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பச்சை நிறம் எப்படி என்று பார்த்தார். பருமன் பார்த்தார். வெடித்த காய் எத்தனை என்று பார்த்தார். லிட்டர் எடை என்ன என்று தெரிந்துகொண்டார். வடநாட்டில் என்ன கேட்கிறார்கள், அரபு நாடுகளுக்கு என்ன போகின்றது, குவாத்தமாலாவில் விளைச்சல் எப்படி என்பதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டார். இத்தனைக்கும் பின்னால் இருபது முப்பது வருஷப் பழக்கம் இருக்கின்றது. ஆகவே அந்தப் பொத்தான் அழுத்தியது ஒரு விநாடி. அதற்கான யோசனை முப்பது வருஷம். ஒரு விநாடியை மாத்திரம் பார்த்துவிட்டு முப்பது வருஷத்தைப் பார்க்காமல் இருப்பவரே அவசரத்துக்குப் புகழ் பாடுகிறவர்.

வியாபாரியை விடுங்கள். செடிக்கடியில் குனிந்து காய் எடுக்கிற கூலிப் பெண்ணைப் பாருங்கள். ஒரே கொத்தில் முற்றின காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கி எடை போய்விடும். முற்றினதை விட்டுவிட்டால் பழுத்து வெடித்துப் போகும். இது பறிக்கலாம், இது ஆகாது என்று அந்தப் பெண் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முடிவுகளைச் செய்கிறாள். ஒவ்வொன்றும் விரல் நுனியில் ஒரு நொடியில் நடக்கின்றது. முதலாளி ஒரு நாளைக்கு ஒரு முடிவு செய்தால் அதற்குத் "துணிவு" என்று பெயர். இந்தப் பெண் ஆயிரம் முடிவு செய்தால் அதற்குக் "கூலி வேலை" என்று பெயர்! மலைக்கு வந்த முதல் நாளே அவள் இவ்வளவு வேகமாகப் பறித்தாளா? இல்லை. பார்த்து, தவறி, திட்டு வாங்கி, கற்றுக்கொண்டாள். வேகம் என்பது முன்னே செய்த யோசனையின் பலனே ஒழிய, யோசனைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளத்தக்க வேறு சாமான் அல்ல.

நிற்க, யோசனை இல்லாத வேகம் என்ன செய்யும் என்பதையும் நம் மலையிலேயே பார்த்தோம். 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்திலும் அதற்கடுத்த வறட்சியிலும் இடுக்கி மலைத் தோட்டங்கள் பலமாக அடிபட்டன. சரக்குக் குறைந்ததால் விலை ஏறிற்று. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உயர்ந்த விலை கிலோ 7000 ரூபாய்வரை போயிற்று. இந்த விலையைக் கேட்ட மாத்திரத்தில் கடன் வாங்கிக் குத்தகை பிடித்துக் கன்று வைக்கக் கிளம்புகிறவனைச் சட்டென்று துணிந்தவன் என்பார்கள். ஆனால் ஏலக் கன்று அன்றைக்கே காய்ப்பதில்லை. நல்ல மகசூலுக்கு மூன்றாவது வருஷம் ஆகவேண்டும். அதாவது 2019-ல் நட்டவனுக்குக் காய் 2021, 2022-ல் வரும். அப்போது விலை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கமாக இறங்கிவிட்டது. அதைக் கண்டு வெறுத்து, "இனி இது ஆகாது" என்று மறுபடியும் சட்டென்று முடிவு செய்து செடியைப் பிடுங்கினவனுக்கு, 2024 வறட்சிக்குப் பின் விலை 2000 ரூபாயைத் தாண்டியபோது விற்கக் காய் இல்லை. இவன் இரண்டு முறை துணிந்தான். இரண்டு முறையும் கெட்டான். குறை துணிவில் இல்லை. இன்றைக்கு இருக்கிற விலைதான் மூன்று வருஷம் கழித்தும் இருக்கும் என்று கணக்குப் போடாமல் நம்பியதில் இருக்கின்றது.

"அப்படியானால் துணிந்து ஜெயித்தவர்கள் இல்லையா? எத்தனை பேரை எங்களுக்குத் தெரியும்!" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். தாராளமாக இருக்கின்றார்கள். ஆனால் கோயில் உண்டியலை நினைத்துப் பாருங்கள். வேண்டுதல் பலித்தவன் வந்து பணம் போட்டு ஊரெல்லாம் சொல்லுகிறான். பலிக்காதவன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். உண்டியலை மட்டும் எண்ணிப் பார்த்தால் எல்லா வேண்டுதலும் பலித்ததாகவே தோன்றும். துணிந்து ஜெயித்தவன் கதையும் இப்படித்தான். ஜெயித்தவன் மேடையில் பேசுகிறான். அதே துணிவோடு தோற்றவனை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. எத்தனை பேர் துணிந்தார்கள், அதில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று இரண்டு கணக்கையும் கேட்பதுதான் பகுத்தறிவு.

இதனால் நாம் தாமதத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். தாமதம் வேறு, யோசனை வேறு. பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ராகுகாலம் போகட்டும், ஆடி போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவன் யோசிக்கிறவன் அல்ல. யோசிக்கும் வேலையை வேறொருவன் தலையில் வைத்துவிட்டுத் தூங்குகிறவன். சர்க்கார் காரியங்களிலும் இதைக் காணலாம். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் வந்த ரயில், பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்டது. மறுபடியும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். சுமார் 90 கிலோமீட்டர்ப் பாதைக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்! இத்தனை காலமும் யோசித்துக்கொண்டா இருந்தார்கள்? முடிவு முன்னமே ஆகிவிட்டது, காரியம்தான் நகரவில்லை. ஆகவே மெதுவாக நடந்த காரியமெல்லாம் நன்றாக யோசித்த காரியம் ஆகிவிடாது.

இனி, யோசிக்க நேரமே இல்லாத சமயம் ஒன்று உண்டல்லவா என்று கேட்கலாம். உண்டு. நெருப்பு அப்படிப்பட்டது. 1949 ஆகஸ்டு 5-ந் தேதி அமெரிக்காவில் மொண்டானா மாகாணத்தில் மான் கல்ச் என்கிற பள்ளத்தாக்கில் காட்டுத் தீயை அணைக்கப் போன 16 பேரைத் தீ துரத்திற்று. தலைவராயிருந்த டாட்ஜ் என்பவர் ஓடுவதை நிறுத்தி, தமக்கு முன்னாலிருந்த காய்ந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்து போன சாம்பலில் படுத்துக்கொண்டார். எரிந்த இடம் மறுபடி எரியாது என்பது அவர் கணக்கு. மற்றவர்களையும் கூப்பிட்டார். அவர்களுக்கு அது விளங்கவில்லை, ஓடினார்கள். 13 பேர் மாண்டார்கள். டாட்ஜும் வேறு இருவரும் பிழைத்தார்கள். அந்த யுக்தியை டாட்ஜுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. நெருப்போடு பல வருஷம் பழகிய மூளை அந்தக் கணத்தில் அதைக் கண்டுபிடித்தது. சீக்கிரமான முடிவு உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் ஒருவர் மூளையில் மாத்திரம் இருந்த முடிவு மற்றவர்களைக் காப்பாற்றவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

இந்தத் தூர தேசத்துக் கதையை நாம் எதற்காகச் சொல்லுகிறோம் என்பது போடிக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். 2018 மார்ச் 11-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை குரங்கணி மலையில் தீப்பிடித்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் மலையேற வந்த வாலிபர்களும் பெண்களும் அதில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு நாம் இதை எழுதவில்லை. தீ சூழ்ந்த பிறகு எந்தப் பக்கம் ஓடுவது என்கிற முடிவை யாரும் நிதானமாகச் செய்ய முடியாது. மாசி பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். தீ சரிவில் மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். இதையெல்லாம் யோசித்து, இந்த மாதம் யாரையும் மேலே அனுப்பலாமா, வழி தெரிந்த ஆள் கூடப் போகிறாரா, தப்ப இடம் எது என்று முடிவு செய்யவேண்டிய நேரம் மலைமேல் அல்ல. அடிவாரத்தில், ஒரு வாரத்துக்கு முன்பு. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அதே 2018-ல்தான் தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. முன்கூட்டிச் செய்யவேண்டிய யோசனையைப் பிணங்களை இறக்கின பிறகு செய்வதுதான் நம் நாட்டு வழக்கமாக இருக்கின்றது.

ஆகவே, "சீக்கிரம் முடிவு செய்வதா, நன்றாக யோசிப்பதா" என்பதல்ல கேள்வி. யோசனை எப்போது நடந்தது, யார் செய்தார் என்பதே கேள்வி. இதைக் கேட்கப் பழகினால் இன்னொரு சூதும் வெளியாகும். நம்மை ஒருவன் அவசரப்படுத்துகிறான் என்றால் அவன் யோசித்து முடித்துவிட்டான் என்று அர்த்தம். நாம் யோசிக்கக்கூடாது என்றும் அர்த்தம்.

விடியற்காலையில் ஜீப்பைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "ஏறுகிறாயா, வேறு ஆளை ஏற்றட்டுமா?" என்கிறவன் கூலியைப் பற்றிப் பேச விடுவதில்லை. "முகூர்த்தம் தவறிவிடும்" என்கிறவன் செலவைப் பற்றிக் கேட்க விடுவதில்லை. "இன்றைக்கு விட்டால் நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது" என்கிற தரகன் பத்திரத்தைப் படிக்க விடுவதில்லை. நாமே ஒரு காலத்தில் அப்படி ஒரு தரகர் பேச்சைக் கேட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். "கெட்டிக்காரத்தனமான முடிவு" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுநாள் வெளிச்சத்தில் படித்தபோதுதான் யாருடைய கெட்டிக்காரத்தனம் என்பது விளங்கிற்று. அந்தக் கடன் தீர நான்கு வருஷம் ஆயிற்று.

இப்போது இந்தத் தரகர் செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் கடன் என்கிறார்கள். இந்த அவசரம் மக்களைக் கெடுக்கின்றது என்பதை ரிசர்வ் வங்கியே உணர்ந்து, 2022-ல் வகுத்த டிஜிட்டல் கடன் விதிகளில், கடன் வாங்கினவன் ஒரு குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்குரிய வட்டிச் செலவையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கின்றது. இந்த உரிமை இருப்பது நம் மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பசித்தவனுக்கு யோசிக்க அவகாசம் ஏது என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான். ஆம், தனியாக நிற்கிற ஏழைக்கு அவகாசம் இல்லை. அதனால்தான் பலர் சேர்ந்து முன்கூட்டியே யோசிக்கவேண்டும் என்கிறோம். ஜீப் வருவதற்கு முந்தின இரவே கூலி என்ன கேட்பது என்று தெருவில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கன்று வைப்பதற்கு முன்னே மூன்று வருஷக் கணக்கைப் பாதி விலையில் போட்டுப் பாருங்கள். எந்தக் காகிதமாயிருந்தாலும் ஓர் இரவு வீட்டில் வைத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக்கொண்டாவது ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓர் இரவுகூடத் தரமாட்டேன் என்கிறவனிடம் எந்தக் காரியமும் வேண்டாம். இவ்வளவும் செய்துவிட்டு, மறுநாள் காலையில் சட்டென்று முடிவு சொல்லுங்கள். அந்தத் துணிவை நாமும் பாராட்டுவோம்.