சத்துணவும் ஊர்க் காய்கறியும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது சர்க்காரின் கடமையா என்பது தமிழ்நாட்டில் தீர்ந்துபோன கேள்வி. 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளையொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்து சேர்ந்தது. எந்தக் கட்சி பதவிக்கு வந்தாலும், முன்னிருந்தவர் போட்ட இலையை எடுத்தெறியத் துணியவில்லை. சோறு உண்டு, முட்டை உண்டு. அந்தச் சோற்றோடு சேரும் காய்கறி எங்கிருந்து வருகிறதென்று இனிக் கேட்க வேண்டும்.

இதைச் சில்லறை விஷயமென்று சிலர் கருதலாம். நாம் அப்படிக் கருதவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பதாகக் கண்டார்கள். முந்திய கணக்கெடுப்பில் இது 51-ஆக இருந்தது. அந்தக் குழந்தைகள்தாம் இன்று ஆரம்பப்பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வயிறு நிறைந்தும் ரத்தம் ஊறாத பிள்ளைக்கு இன்னுமொரு பிடி அரிசியைக் கொடுத்துப் பயனென்ன? கீரையும் பயறும் வாடாத காயுமல்லவா வேண்டும்?

அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து வருகின்றன. முட்டை டெண்டர் மூலம் வருகிறது. மொத்தமாக வாங்கினால் விலை குறையுமாகையால், இதில் நியாயமுண்டு. காய்கறி வாங்கும் பொறுப்பு மட்டும் அந்தந்த மையத்து அமைப்பாளரிடம் விடப்பட்டிருக்கிறது. பொறுப்பு பெரிது, தொகையோ சொற்பம். 2025 மே 1 முதல் இந்திய சர்க்கார் நிர்ணயித்த சமையற்செலவு, ஆரம்பப்பள்ளிப் பிள்ளையொன்றுக்கு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. பருப்பு, எண்ணெய், மளிகை, எரிபொருள், காய்கறி எல்லாம் இக்கணக்குக்குள் அடங்கவேண்டும். இந்த நிலையில் ஓர் அமைப்பாளர் டவுன் மார்க்கெட்டுக்குப் போய், எது மலிவோ, எது நாலு நாள் கெடாதோ, அதை மூட்டையாக வாங்கிவந்தால் அவர்மீது நாம் குறை சொல்ல மாட்டோம். குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

2013-ல் சோதனையாகத் தொடங்கிய கலவைச் சாதப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சோறும் சாம்பாரும் என்ற அலுப்பை அது போக்கியது, அதற்காகப் பாராட்டுகிறோம். ஆனால் நீலகிரிக்கும் ராமநாதபுரத்துக்கும் ஒரே பட்டியல்! அதில் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் இடமுண்டு. உருளைக்கிழங்கு உதகையிலும் கொடைக்கானல் மலையிலும் விளைகிறது. ராமநாதபுரம் சீமையில் விளைவதில்லை. அங்குள்ள பிள்ளைக்காக அது லாரியேறி வருகிறது. ஒட்டன்சத்திரத்திலும் அரவக்குறிச்சியிலும் பங்குனி மாதத்தில் முருங்கை குவிந்து, சில வருஷங்களில் பறிகூலிக்குக்கூட விலை கட்டாமல் விவசாயி தவிக்கிறான். அந்த முருங்கைக்கு அதே ஊர்ப் பள்ளியின் அடுப்பில் நிச்சயமான இடமில்லை. இதைவிட விசித்திரம் வேறென்ன?

ஆதியில் இப்படி இருக்கவில்லை. காமராஜர் காலத்தில், கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராய்ச் சென்று மக்களைத் திரட்டினார். ஊரார் தந்த நெல்லும் காய்கறியும் பள்ளி உலையில் விழுந்தன. பிறகு 1961 முதல் 'கேர்' ஸ்தாபனத்தின் மூலம் அமெரிக்கப் பால்பவுடரும் எண்ணெயும் வந்தன. தர்மத்தை நம்பி நிரந்தரமாக ஒரு திட்டத்தை நடத்த முடியாதென்பது உண்மை. சர்க்கார் பொறுப்பேற்றதே சரி. ஆனால் பொறுப்பு கைமாறியபோது ஊருக்கும் அடுப்புக்கும் இருந்த உறவும் அறுந்துவிட்டது.

பிரேஸில் தேசத்தார் இவ்வுறவைச் சட்டத்தால் கட்டினார்கள். பள்ளி உணவுக்காக மத்திய சர்க்கார் தரும் பணத்தில் 100-க்கு 30 பங்குக்குக் குறையாமல் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கவேண்டும் என்று 2009-ல் அங்கே சட்டமியற்றினார்கள். இங்கே வழிகாட்டு விதிகளில் உள்ளூர் விளைபொருளுக்கு ஆதரவான வார்த்தைகள் இருக்கின்றன. பள்ளித் தோட்டமும் போடச் சொல்கிறார்கள். தோட்டம் நல்ல பாடம். ஆனால் கணக்குப் பாருங்கள். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 50 கிராம் காய்கறி என்பது விதி. 100 பிள்ளைகளுக்கு 5 கிலோ. 200 நாட்களுக்கு 1,000 கிலோ. பள்ளி முற்றத்துப் பாத்தியில் இது விளையாது. கிணற்றுப் பாசனமுள்ள சிறு விவசாயிக்கோ, மகளிர் குழுவுக்கோ இது எளிதான காரியம், நம்பத்தக்க வருமானமும்கூட.

ஆகவே காய்கறிப் பணத்தில் பாதியையாவது அந்த வட்டாரத்திலேயே விளைந்த காய்க்குச் செலவிட வேண்டுமென்று சர்க்கார் விதி செய்ய வேண்டும். பட்டியலில் காயின் பெயரை எழுதாமல், அந்தந்த ஜில்லாவில் அந்தந்த மாதம் விளைவதைத் தோட்டக்கலை இலாகா குறித்துக் கொடுக்கட்டும். தை மாதத்தில் மொச்சையும் அவரையும். வெயில் ஏறும்போது முருங்கையும் சுரையும் வெள்ளரியும். அடைமழையில் தோட்டம் அழுகும்போது, முன்பே பறித்து வைத்த பரங்கியும் பூசணியும். எல்லாவற்றிலும் முக்கியம், காய் கொடுத்தவனுக்கு ஒரு வாரத்துக்குள் பணம். மாதக்கணக்கில் பில்லுக்குக் காத்திருக்கச் சிறு விவசாயியால் முடியாது. மண்டிக்காரன் அன்றே கையில் தருகிறான். தொகையையும் உயர்த்தியே ஆகவேண்டும்.

பொய்க்கணக்கு மலியும் என்று ஒரு ஆட்சேபம் எழலாம். டவுன் மண்டி ரசீதை யார் போய்ச் சோதிக்கிறார்கள்? எவன் தோட்டத்தில் எத்தனை சுரைக்காய் காய்த்ததென்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிராமசபையில் படிக்கப்படும் கணக்கில் பொய் அதிக நாள் நிலைக்காது.

இந்த உத்தரவைப் பள்ளியாண்டின் நடுவில் பிறப்பித்துப் பயனில்லை. ஜூன் மாதத்துக்குள் வரவேண்டும். தன் அவரையைப் பள்ளிக்கூடம் வாங்கும் என்று ஆடியில் விதைக்கும்போதே விவசாயிக்குத் தெரிந்தால்தான், மார்கழியில் அது பிள்ளைகளின் தட்டுக்கு வந்துசேரும்.