குழந்தைக்கு அளவான அங்கி எங்கே?

ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு திருகோணமலை உள்துறைமுகத்தில் வாடகைப் படகொன்றில் போனோம். சீனன்குடாப் பக்கம் மாவாலையும் சீமெந்து ஆலையும் மலையடிவாரத்து எண்ணெய்த் தாங்கிகளும் கரையோரம் தெரிய, இயற்கைத் துறைமுகம் என்று புத்தகத்தில் படித்ததை மகள் கண்ணால் கண்டாள். அந்த மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் சரக்குக் கப்பலை இழுத்துப்போன இயந்திரப் படகின் அலை எங்கள் படகைப் பக்கவாட்டில் தூக்கியபோது, ஏழு வயதான அந்த மகளின் உயிர்காப்பு அங்கி தோளிலிருந்து கழன்று விழுந்தது. பெரியவர்களின் அளவு அது. சிறிய அளவு படகில் ஒன்றுகூட இல்லை. அவளை இறுகப் பிடித்தபடிதான் கரை சேர்ந்தேன்.

கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள். அவர்கள் வகுப்புக்குப் போகப் புறப்பட்டவர்கள். அவர்களின் தாய்மாரை நினைக்காமல் இந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை.

எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஒவ்வொரு படகின் பக்கத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். சிறுவர் அளவு அங்கி இல்லாத படகைத் துறையை விட்டுப் புறப்பட விடக்கூடாது. கப்பல் அசையும் நேரத்தைப் படகோட்டிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு முன் அதிகாரிகள் இவற்றைச் செய்ய வேண்டும்.

ஒரு தாய்,
உப்புவெளி