நாட்டுப்படகுக்கு எந்த எஞ்சின்?

ஃபைபர் படகுக்கு எஞ்சின் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை ஹெச்பி வேண்டும் என்பதுதான். பக்கத்துப் படகில் பத்து இருந்தால் நமக்குப் பதினைந்து என்று பேரம் தொடங்குகிறது. எஞ்சினின் எடை எவ்வளவு, ஒரு நடைக்கு எத்தனை லிட்டர் செலவாகும் என்ற கேள்விகள் பணம் கைமாறிய பிறகே வருகின்றன.

கடலின் கணக்கு வேறு. தண்ணீரைக் கிழித்துச் செல்லும் படகு தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு நீர்மேல் எழுந்து சறுக்க வேண்டும். வலை, ஐஸ், நான்கு ஆட்கள், பிடித்த மீன் என்று பாரம் ஏறிய படகு அவ்வளவு எளிதில் எழாது. கூடுதல் ஹெச்பி அலையைத்தான் பெரிதாக்கும்.

சிறிய மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சேமிப்புக்கென்று ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2012-ல் ஒரு கையேடு வெளியிட்டது. எழுதியவர் நார்வே படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சன். வேகத்தைக் குறைப்பதே செலவில்லாத சேமிப்பு என்பதை அது வலியுறுத்துகிறது. தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் திறன் தேவை கால் பங்குக்கு மேல் குறையும். பயண நேரம் சற்று நீண்டாலும், அதே தூரத்துக்கான எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

அடுத்தது எடை. அலைவாய்க்கரையில் ஆட்களோ டிராக்டரோ இழுத்து மேலேற்றும் படகில், பின்முனையில் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டை மீனவர்கள் விரும்பியது அதனால்தான்: எடை குறைவு, கரையிலேயே பிரித்துப் பழுது பார்க்கலாம். ஆனால் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் எரிபொருளில் கால் பங்குவரை எரியாமலே புகையோடு வெளியேறக்கூடும். அந்தக் காசு கடலில்தான் போகிறது.

ஃபோர்-ஸ்ட்ரோக் கனமானது என்ற பழைய புகார் இன்று வலுவிழந்துவிட்டது. 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு 28 கிலோ எடையில் ஒன்றரை ஹெச்பிதான் தந்தது. இன்று பத்து ஹெச்பி ஃபோர்-ஸ்ட்ரோக் சுமார் 40 கிலோ. பேட்டரி இல்லாமல் கயிற்றை இழுத்தே கிளப்பக்கூடிய ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் சிறிய எஞ்சின்களுக்கு வந்துவிட்டது. விலை கூடுதல்தான், தினமும் தொழிலுக்குப் போகிறவருக்கு அது எரிபொருளில் திரும்பும்.

சிக்கனத்தில் முன்னிற்பது டீசல். அதே வேலைக்கு டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் குடிப்பதில் ஏறத்தாழ பாதி போதும். கனமும் அதிர்வும் இரைச்சலும் அதற்கு விலை. சென்னையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் ஏற்றக்கூடிய படகுகளுக்கென்று புரொப்பல்லரைத் தூக்கிக்கொள்ளும் டீசல் அமைப்பை 1980-களிலேயே உருவாக்கியது. நீண்ட தண்டு வைத்த லாங் டெயில் டீசலிலும் அந்த வசதி உண்டு.

மின்மோட்டாருக்கு இன்னும் காலம் கனியவில்லை. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் யூனிட்கூடத் தேறுவதில்லை. பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளில் சுற்றுலாப் படகுக்குப் பொருந்தும். ஆழ்கடலுக்குப் போகிற மீனவருக்குப் பொருந்தாது.

எந்த எஞ்சினை வாங்கினாலும் புரொப்பல்லரைச் சோதிக்காமல் விடக்கூடாது. வழக்கமான பாரத்துடன் முழு வேகத்தில் ஓட்டும்போது, தயாரிப்பாளர் குறிப்பிட்ட சுழற்சி எண்ணிக்கையை எஞ்சின் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் புரொப்பல்லரின் பிட்ச் அதிகம் என்று பொருள். ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 200 சுழற்சி கூடும்.

மீனவர்களுக்கு வரிவிலக்கு டீசலும் எஞ்சின் மானியமும் தரும் அரசு, சிக்கனத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். எரிபொருள் குறைவாகக் குடிக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் மானியம், புரொப்பல்லர் மாற்ற உதவி, ஃபோர்-ஸ்ட்ரோக்கைப் பழுது பார்க்க மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சி ஆகிய மூன்றையும் மீன்வளத் துறை வரும் நிதியாண்டிலேயே தொடங்க வேண்டும்.