ஒப்பந்தக்காரர் சங்கம் யாருக்காக?

சிலாவத்துறைக்குப் போகும்போதெல்லாம், சற்று வடக்கேயுள்ள அரிப்புக்கும் போய் அந்தப் பழைய மாளிகையைப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக, பிரித்தானிய இலங்கையின் முதலாவது ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டுவித்த 'டொரிக்' மாளிகை அது. கடல் அதனைச் சிறிது சிறிதாக அரித்து விழுங்கிவருகிறது. இருநூறு ஆண்டுகள் நின்ற கட்டடம் இடிவதில் வியப்பில்லை. மீள்குடியேற்றத்தின் பின் அதே கரையில் எழுந்த கட்டடங்களிற் சில, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தூண் வெடித்துக் கம்பி வெளித்தெரிய நிற்பதுதான் மனதை உறுத்துகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், பின்னர் போரினால் இடம்பெயர்ந்த தமிழர்களும் 2009இன் பின்னர் முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பத் தொடங்கினர். காடாகிப் போன நிலத்தில் வீடு, பாடசாலை, பள்ளிவாசல், தேவாலயம், வீதி என எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. அவ்வளவு வேலை ஒரே காலத்தில் வந்ததால், மேசன்மார் பலர் ஒப்பந்தக்காரர்களாயினர். அதில் தவறில்லை. அவர்களுக்கு வழிகாட்ட எவரும் இருக்கவில்லை என்பதே குறை.

அண்மையில் அங்கு சந்தித்த ஒப்பந்தக்காரர் ஒருவர் நெடுநாள் பழக்கமுள்ளவர். வெடித்த தூணொன்றைக் காட்டிக் காரணம் கேட்டேன். "கிணத்துத் தண்ணி உப்பு ஐயா. நல்ல தண்ணி பவுசரில கொண்டுவர வேணும். மதிப்பீட்டில அதுக்குக் காசில்லை. நான் கூட்டிக் கேட்டால் வேலை அடுத்தவனுக்குப் போயிடும்" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. உப்புநீரில் குழைத்த கொங்கிறீற்றுக்குள் இரும்புக் கம்பி மெல்லத் துருவேறும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெருக்குவதால் தூண் நெடுக்காக வெடிக்கிறது. கட்டியவருக்கும் இது தெரியும். மேற்பார்வை செய்தவருக்கும் தெரியும். ஆயினும் தனித்து நின்று சொல்ல எவராலும் முடியவில்லை.

தனியொருவரால் சொல்ல முடியாததைச் சேர்ந்து சொல்வதற்குத்தானே சங்கம்? அதையும் அவரிடம் கேட்டேன். "சங்கம் இருக்குத்தான். கூடினால் அடுத்த வேலை ஆருக்கு எண்டதுதான் கதை" என்று சிரித்தார்.

ஒப்பந்தக்காரர் தம் நலனுக்காகக் கூடுவதை நான் குறைசொல்லவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அவர்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவன் நான். முந்திய ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவுக்கு விற்ற சீமெந்துப் பை மூவாயிரத்தை எட்டியது. அரசிடமிருந்து வரவேண்டிய கொடுப்பனவுகள் முடங்கின. கடனுக்குக் கல்லும் கம்பியும் எடுத்தவர்கள் மனைவியின் நகையை அடகுவைத்தனர். நிலுவையைக் கேட்பதும், விலையேற்றத்துக்கேற்ற திருத்தத்தைக் கோருவதும் சங்கத்தின் நியாயமான பணிகள். ஆனால் அவற்றோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடுமா?

கடலுக்கு அப்பால் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். 1941இல் தொடங்கப்பட்ட இந்தியக் கட்டுநர் சங்கம், சீமெந்து உற்பத்தியாளர்கள் கூடி விலையை உயர்த்துகிறார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. 2012 ஜூனில் பதினொரு நிறுவனங்களுக்கு ஆறாயிரம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல் ஆணையம் அபராதம் விதித்தது. 2015இல் நடைமுறைக் குறையினால் அந்த உத்தரவு இரத்தானது. 2016இல் மீண்டும் அபராதம் விதிக்கப்பட்டது. 2018இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதனை உறுதிசெய்ய, நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. தனியொரு ஒப்பந்தக்காரரால் இப்படி ஒரு வழக்கை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. அதன் பயன் வீடு கட்டும் சாதாரண மனிதருக்கும் உரியது.

அந்த வழக்கின் மறுபக்கத்தையும் கவனிக்கவேண்டும். அபராதம் விதிக்கப்பட்டவர்களுள் சீமெந்து உற்பத்தியாளர் சங்கமும் ஒன்று. விலை விபரங்கள் பரிமாறப்படும் களமாக அச்சங்கம் இருந்தது என்பதே ஆணையம் கண்ட முடிவு. ஒரே வழக்கில் ஒரு சங்கம் முறையிட்டது, இன்னொரு சங்கம் குற்றவாளியானது. கேள்விப்பத்திரங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் எந்தச் சங்கமும் இரண்டாவது வகையையே சேரும்.

சிலாவத்துறை போன்ற இடங்களில் சங்கம் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. உப்புநீர்ப் பிரதேசங்களில் நன்னீர் ஏற்றிவரும் செலவு மதிப்பீட்டில் தனியே சேர்க்கப்படும்வரை உறுப்பினர் எவரும் விலைமனு இடுவதில்லை என்று பகிரங்கமாகவே அறிவித்து, மாவட்டச் செயலகத்தோடு பேசலாம். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் சிறிய ஒப்பந்தக்காரர்களும் மேசன்மாரும் பதிவு பெற உதவலாம். உறுப்பினர் கட்டிய கட்டடம் உத்தரவாதக் காலத்துக்குள் பழுதானால், முறைப்பாட்டை விசாரிக்க மூவர் குழுவொன்றை அமைக்கலாம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனப் பிரிந்து நிற்காமல் ஒரே மேசையில் அமரலாம். உப்புநீர் இனம் பார்த்துக் கம்பியை அரிப்பதில்லை.

இவற்றைச் செய்யும் சங்கம் தன் நிலுவைக்காக வீதியில் இறங்கும் நாளில் ஊரும் அதன் பின்னால் நிற்கும். செய்யாத சங்கத்தின் கண்ணீரை நம்ப ஒருவரும் இருக்கமாட்டார்.

டொரிக் மாளிகையின் சுவர்களுக்கு முத்துச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைப் பூசினார்கள். அந்தக் கரைக்கு எது தாங்கும் என்று அறிந்து கட்டியிருக்கிறார்கள். இன்று கட்டுபவர்களுக்கும் அது தெரியும். வாய்திறந்து சொல்வதற்கு ஓர் இடம்தான் இல்லை. அந்த இடமாகச் சங்கம் இருக்கட்டும்.